தட்டிவிட்டுத்தான் நுழைவேன்

காலையில் எழுந்ததும் பல் துலக்குவேன். பற்பொடி கிடைக்காமல் போன பிறகு கரித்தூளும் உப்பும். கொல்லைக் குழாயில் குளியல். முதல் நாள் துவைத்துக் காயவைத்த சட்டை. அவித்த மரவள்ளிக்கிழங்கு, காப்பி என்ற பெயரில் வறுத்த சோள நீர். இவை முடிந்ததும் பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு மாடிக்குப் போவேன். ஜப்பானியர் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் வெளிச்சம் வருவதற்கு முன்பே காலை ஆகிவிடும். அந்த மங்கலில் குடத்தைச் சிந்தாமல் படியேற்றுவதுதான் என் வேலையில் கடினமான பகுதி. மற்றவை பழகிவிட்டன.

ஐயா, வாக்குமூலத்தை ஆங்கிலத்திலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். என்னால் முடியும். மதராஸில் கல்லூரியில் படித்தவன், தர்க்கவியல் பட்டம் வாங்கியவன். இருந்தாலும் தமிழில் எழுதுகிறேன். இதில் என் மனைவி பேசியவை வரும். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். எதையும் உள்ளபடி சொல்வது என் வழக்கம்.

என் பெயர் சபாபதி. சண்டைக்கு முன்பு ஒரு ரப்பர் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். துரைகள் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடியபோது கம்பெனியும் போயிற்று. நாகூர்க்காரரான நசீருதீன் முதலாளி பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளுக்கு எதிர்ச் சாரியில் விடுதி வைத்திருந்தார். கீழே சாப்பாட்டுக்கடை, மேலே அறைகள். "நாலு எழுத்துப் படிச்ச புள்ள. ஜப்பான்காரன் கேட்டா பதில் சொல்ல ஒரு ஆளு வேணும்" என்று என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார். என் மனைவி தனலெட்சுமி விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள், அறைகளைப் பெருக்கினாள். நாங்கள் மணமுடித்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்துதான் எல்லாம் வருகிறது.

எங்கள் விடுதியில் ஒவ்வோர் அறையிலும் ஒரு மண்கூஜா உண்டு. காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது முதலாளியின் தகப்பனார் காலத்துப் பழக்கம். ஜப்பானியர் வந்த பிறகு விடுதிகளுக்கு ஓர் உத்தரவு வந்தது. தினமும் அறைகளைப் பார்க்க வேண்டும், யார் இருக்கிறார்கள், என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரு முனையில் அவர்கள் எடுத்துக்கொண்ட பங்களாவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பதிவில்லாத ஆள் ஒருவன் பிடிபட்டால் விடுதியில் இருக்கும் அத்தனை பேரையும் கொண்டுபோவார்கள். முதலாளி நடுங்கினார். நான் அவரிடம் சொன்னேன்: "புதுசா எதுவும் செய்ய வேணாம் முதலாளி. எப்படியும் தண்ணி ஊத்த உள்ள போறோம். போறப்ப பாத்துக்கலாம்."

படுக்கையை யாரும் நீவிவிடலாம். கூஜா அப்படியல்ல. ஒருவர் தங்கிய அறையில் இருவர் குடித்திருந்தால் தெரிந்துவிடும். காய்ச்சல்காரன் குடிப்பதும், கள் குடித்தவன் குடிப்பதும், தூங்காமல் உட்கார்ந்திருந்தவன் குடிப்பதும் வேறு வேறு அளவு. போகப் போக இதில் எனக்கு நல்ல பயிற்சி வந்தது.

ஆனால் ஒன்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒருபோதும் சாவித்துவாரத்தில் கண் வைத்ததில்லை. பெட்டியைத் திறந்ததில்லை. கடிதத்தைப் படித்ததில்லை. மற்ற விடுதிகளில் ஆட்கள் இதையெல்லாம் செய்தார்கள், எனக்குத் தெரியும். வாடகை கொடுக்கும் வரை அந்த அறை அவனுடைய வீடு என்பது என் கொள்கை. விரல் முட்டியால் கதவைத் தட்டுவேன். "தண்ணி" என்று குரல் கொடுப்பேன். உள்ளே இருப்பவர் எழுந்து கைலியை இறுக்கிக் கட்டி, முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை நிற்பேன். அதன் பிறகே கதவைத் திறப்பேன். காலி அறைகளுக்கும் அப்படியே. ஆள் இருந்தால் தட்டுவது, இல்லாவிட்டால் தட்டாமல் போவது என்று ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் எல்லா அறையும் காலி அறையாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

தனம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "காலி ரூமத் தட்டுறீங்களே, யாரு, பேயா வந்து தொறக்கும்?" என்பாள். எங்கள் அறைக்கும் நான் தட்டிவிட்டுத்தான் போவேன். முதல் தடவை தட்டியபோது முதலாளிதான் வந்திருக்கிறார் என்று நினைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கட்டுன பொண்டாட்டி ரூமுக்கு ஒலகத்துல எவன்யா தட்டிட்டு வருவான்?" அதன் பிறகு நூருன்னிசா அக்காவிடம், அதாவது முதலாளியின் மனைவியிடம், இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

சின்னையாவைப் பற்றிக் கேட்டீர்கள். கிள்ளானிலிருந்து மாதம் ஒரு முறை வரும் துணி வியாபாரி. நல்ல மனிதர். வாய் சும்மா இருக்காது.

"என்னா மாஸ்டர், உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வர்ற சர்க்கார் ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"நான் சர்க்கார் ஆள் இல்லண்ணே. விடுதி ஆள்."

"ரெண்டும் ஒரே கொழாத் தண்ணிதான் லா" என்று இந்த ஊர் இழுப்போடு சிரித்தார்.

ஒரு நாள் தட்டினேன், குரல் கொடுத்தேன், நின்றேன். உள்ளே போனபோது கட்டிலின் மேல் ஒரு காலுறை கிடந்தது. அதிலிருந்து வானொலியின் கண்ணாடி வால்வு ஒன்று பாதி வெளியே தெரிந்தது. வானொலி வைத்திருப்பதற்கு என்ன தண்டனை என்று சுவரெங்கும் ஒட்டியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூஜாவில் தண்ணீர் ஊற்றினேன். "இன்னிக்கி வெயில் அதிகமா இருக்கும் போல" என்றேன். "ஆமா மாஸ்டர்" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. மறைக்க வேண்டியதை மறைக்க அவகாசம் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுப்பதுதான். அதைப் பயன்படுத்திக்கொள்ளாதது கவனக்குறைவு. பார்க்காத எதையும் நான் சொன்னதில்லை, பார்த்த எதையும் விட்டதில்லை. அன்று மத்தியானம் பாசாரிலிருந்து திரும்பும் வழியில் அவரை லோரியில் ஏற்றினார்கள். விடுதிக்குள் வந்து பிடிக்க வேண்டாம், மற்ற விருந்தினர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று பங்களாவில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் நான் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். என் வேண்டுகோளை மதித்தார்கள்.

அதற்கு அவர்கள் அரிசி கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. ஊரே மரவள்ளி தின்று வயிறு வீங்கிக் கிடந்த காலம். தனம் பையைப் பிரித்துப் பார்த்து, "எங்கேர்ந்துங்க?" என்றாள். "வேலைக்குக் கொடுத்தது" என்றேன். உண்மைதான்.

பிறகு சின்னையாவின் மனைவி கிள்ளானிலிருந்து வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி. புருஷனுக்குப் பிடித்ததாம், மீன் குழம்பு. ஆளைக் காணவில்லை என்றதும் கடைவாசலில் உட்கார்ந்துவிட்டார். "அவரு சட்டையாச்சும் குடுங்கய்யா" என்றார். சின்னையாவின் சாமான்களை நான் ஒழுங்காக மடித்து வைத்திருந்தேன். காலுறையில் ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன. அவர் அந்த ஒற்றைக் காலுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து அவள் சோறு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். எனக்குச் சோறு வடித்துப் போடுவாள், தனக்கு மரவள்ளி அவித்துக்கொள்வாள். கேட்டேன். "வயித்துக்கு ஒத்துக்கலீங்க" என்றாள். நம்பினேன்.

அவரைப் போல இன்னும் சிலர். பெயர்கள் வேண்டும் என்றால் தருகிறேன், எல்லாம் நினைவிருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட நான் தட்டாமல் நுழைந்தேன் என்று புகார் சொல்ல முடியாது.

இனி அய்யாவு.

அய்யாவு தனத்தின் தம்பி. காப்பார்ப் பக்கம் தென்னந்தோட்டத்தில் இருந்தவன். நாற்பத்து மூன்றில் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்தபோது அவனையும் ஏற்றிவிட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஆண்டு ஒன்று கழிந்தும் செய்தி இல்லை. அவன் செத்திருப்பான் என்று நான் நினைத்தேன். தனத்திடம் சொல்லவில்லை. அவள் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் வந்தாள். அதையும் நான் கேட்கவில்லை. ஒருவருடைய மனதுக்குள் கேள்வி கேட்டுக்கொண்டு நுழைவது என் வழக்கம் இல்லை.

நாற்பத்து நான்கின் கடைசியில் அரிசி சீக்கிரம் தீர ஆரம்பித்தது. அவளுக்கு வயிறு சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். ஆனால் அவள் இன்னும் மெலிந்துகொண்டுதான் வந்தாள்.

பிறகு கூஜா. காலி அறைகளின் கூஜாக்களைக் கழுவி மாடித் தாழ்வாரத்துப் பலகையில் கவிழ்த்து வைப்பது வழக்கம். புழங்காத மண்கூஜா இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். பலகையில் இருந்தவற்றில் ஒன்று மட்டும் கறுத்துக் குளிர்ந்து இருந்தது. வெளியே துடைத்திருந்தார்கள். புடவைத் தலைப்பால் துடைத்த மாதிரி நூல் ஒன்று ஒட்டியிருந்தது. மண் உள்ளே குடித்திருப்பதைத் துடைக்க முடியாது. மறுநாளும் அதே கூஜா, அதே குளிர்ச்சி.

அது ஏழாம் அறைக் கூஜா. கூரை ஒழுகுகிறது என்று முதலாளி வாடகைக்கு விடாமல் போட்டிருந்த அறை. விடுதியின் பின்கோடியில் இருந்தது. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று தாழ்வாரத்துக்கு. இன்னொன்று பின்சந்துக்கு இறங்கும் சுருள் இரும்புப் படிக்கு. கழிவறை வாளி எடுக்க வருபவர் ஏறும் படி அது. வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

தினமும் அந்த அறையைத் தட்டினேன், குரல் கொடுத்தேன், நின்றேன், திறந்தேன். தினமும் அது காலியாக இருந்தது. தரை பெருக்கியிருந்தது. ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. ஒன்றும் இல்லை. ஆனால் கூஜா கறுத்தே இருந்தது.

பங்களாவில் அப்போது கெடுபிடி அதிகமாகியிருந்தது. பக்கத்துத் தெரு விடுதி ஒன்றில் சயாமிலிருந்து ஓடிவந்தவன் பிடிபட்டான். அந்த விடுதியில் இருந்தவர்கள் எல்லோரும் போனார்கள், கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் உட்பட. மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார்: "உங்க எடத்தப் பத்தி எனக்குக் கவலையே இல்ல சபாபதி. நீங்க சொல்லாம ஒரு எறும்பு தங்காது." அவரும் தமிழர்தான். அந்தச் சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலை ஏழாம் அறை காலியாக இல்லை.

வழக்கம்போலத் தட்டிவிட்டுத் திறந்தேன். இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு இதைப் பற்றி வேறு மாதிரி பேச்சு வந்தது.

பாயில் ஒருவன் கிடந்தான். எலும்பின்மேல் தோலைச் சுற்றிய மாதிரி. ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே எங்கள் விடுதித் தலையணை உறையால் கட்டுப் போட்டிருந்தது. கட்டு நனைந்து மஞ்சளாகியிருந்தது. நாற்றம் இருந்தது. தனம் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அவன் வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

 முதலில் பேசியவன் அவன்தான். குரலை வைத்துத்தான் அய்யாவு என்று தெரிந்தது.

"மச்சான், மன்னிச்சிருங்க மச்சான். கால் ஆறுனதும் போயிர்றேன். காப்பாருக்குப் போனா அங்கதான் மொதல்ல தேடுவாய்ங்க லா. அதான் அக்காகிட்ட..."

"பேசாத. கஞ்சி ஆறுது" என்றேன்.

தனம் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். "நானே சொல்லணும்னுதான் இருந்தேங்க. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம் நாளைக்குச் சொல்லுவம்னு..." என்றாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்றாள்.

"நான் எப்பயாச்சும் தேவையில்லாம பேசியிருக்கனா?" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அழுதாள், சிரித்தாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, நீங்களே பார்க்கலாம். குடத்திலிருந்து கூஜாவில் தண்ணீர் ஊற்றினேன். காய்ச்சல்காரனுக்கு நிறைய வேண்டும் என்பதால் விளிம்பு வரை ஊற்றினேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். மற்ற அறைகளுக்கும் தண்ணீர் ஊற்றி முடித்தேன். பிறகு பங்களாவுக்குப் போனேன்.

என் யோசனை எப்படிப் போயிற்று என்று கேட்டீர்கள். எளிமையானது. அவன் எப்படியும் பிழைக்க மாட்டான். கால் அழுகியிருந்தது. அவனை வைத்திருந்து பிடிபட்டால் முதலாளி, நூருன்னிசா அக்கா, சமையல்காரர், தங்கியிருந்தவர்கள், தனம், நான், எல்லோரும் போவோம். சாகப்போகிற ஒருவனை ஒரு தட்டில் வைத்து, வாழ வேண்டிய இத்தனை பேரை இன்னொரு தட்டில் வைத்தால் எது தாழும் என்பதற்குக் கல்லூரிப் படிப்புக்கூட வேண்டாம். அதோடு, சின்னையாவைச் சொல்லிவிட்டு அய்யாவுவைச் சொல்லாமல் விட்டால், சின்னையாவுக்கு நான் செய்தது அநியாயம் என்று ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "அவனுக்குச் சோறு தண்ணி குடுக்குறது யாரு?"

"தெரியாது" என்றேன்.

நான் அவர்களிடம் சொன்ன ஒரே பொய் அது. தனத்துக்காகச் சொன்னேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனம் மத்தியானம் துணி உலர்த்தக் கொல்லைக்குப் போகும் நேரத்தை மனதில் வைத்து, அப்போது வந்தால் வசதி என்றேன். அவர்கள் அந்த நேரத்துக்கு வரவில்லை. உடனே வந்தார்கள். எனக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முன்பக்கம் கொஞ்சம் பேர், பின்சந்தில் கொஞ்சம் பேர். நான் மாடியேறும்போது ஏழாம் அறைக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள். "இது விடுதி. தட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர்களிடம் அதை மொழிபெயர்க்கவில்லை.

தனம் உள்ளே இருந்தாள். கட்டை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவனைத் தூக்கியபோது அவள் அவன் கையை விடவில்லை.

ஜப்பானிய அதிகாரி அவளைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "யாரு இது? யாருன்னு தெரியாதுன்னு சொன்னீங்களே."

அந்த இடத்தில் என் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். அவள் என் மனைவி என்று சொன்னால், காலையில் சொன்னது பொய் என்று ஆகும். என் ஒரு சொல் பொய்யானால் இவ்வளவு நாள் சொன்ன எல்லாம் பொய்யாகும். விடுதியையே அவர்கள் நம்பமாட்டார்கள். மற்றவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என் சொல்லின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை மட்டும்தான்.

"விடுதியில துணி தொவைக்கிறவங்க" என்றேன்.

அதிலும் பொய் இல்லை. அவள் துவைத்தாள்தானே.

தனம் என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லி, இவர் என் புருஷன் என்று அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நாங்கள் மணமுடித்த நாளிலிருந்து என் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. அது பழக்கமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. இருவரையும் லோரியில் ஏற்றினார்கள். விடுதியில் மற்ற யாரையும் தொடவில்லை. என் கணக்கு சரியாகவே இருந்தது.

அன்று மாலை முதலாளி கல்லாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "படிச்ச புள்ளன்னு வச்சேன்" என்றார்.  என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. என் நேர்மையின்மேல் அவருக்கு இருந்த மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். தங்கியிருந்தவர்களிடமும் ஒரு மரியாதை வந்தது. நான் படியேறும் சத்தம் கேட்டதுமே கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். தட்ட வேண்டிய அவசியமே இருக்காது. இருந்தாலும் திறந்த கதவைத் தட்டினேன்.

நூருன்னிசா அக்காதான் பேசினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கஞ்சிக்கு உப்புப் போட்டுக் கொடுத்ததே அவர்தானாம்.

"வேற எடம் பாக்குறேன் புள்ளன்னு நான் சொன்னேன். அதுதான் கேக்கல. 'இத விட நல்ல எடம் கெடைக்காதுக்கா, எங்க வீட்டுக்காரரு தட்டாம வரவே மாட்டாரு, காலி ரூமுன்னாலும் தட்டுவாரு'ன்னுச்சு. நீங்க தட்டி, கொரல் குடுத்து நிக்கிற நேரத்துல அந்தப் பய பாயச் சுருட்டிக்கிட்டு நொண்டி நொண்டி இரும்புப் படியில போயி உக்காந்துக்குவான். நீங்க தட்டுவீங்கன்னு நம்பித்தானே அந்தப் புள்ள அவன வச்சிருந்துச்சு. அன்னிக்கி மட்டும் என்னா ஆச்சு?"

அவன் காய்ச்சலில் இருந்தான், காது அடைத்திருக்கும் என்றேன். அவனுக்குக் கேட்காவிட்டாலும் தனத்துக்குக் கேட்டிருக்குமே என்றார். அவளுக்கும் தூக்கமில்லை, அசதியாக இருந்திருப்பாள் என்றேன். அக்கா முக்காட்டைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் பேசியதில்லை.

அய்யாவு திரும்பவில்லை. தனம் திரும்பினாள். சில வாரங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் பின்சந்தில், இரும்புப் படிக்குக் கீழே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவளை என்ன செய்தார்கள் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். நான் எழுதவில்லை. அது அவளுடைய அந்தரங்கம்.

எங்கள் அறையில்தான் கிடத்தினோம். நூருன்னிசா அக்கா உடம்பு துடைத்தார், மருந்து போட்டார். நான் சாப்பாட்டுக்கடையில் பெஞ்சில் படுத்துக்கொண்டேன். காலையில் முதலில் அவள் கதவைத் தட்டுவேன். "தண்ணி" என்பேன். உள்ளேயிருந்து பதில் வராது. பதில் வராத அறைக்குள், அதுவும் நோயாளி இருக்கும் அறைக்குள், நுழைவது முறையல்ல. கூஜாவை வாசலிலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போவேன். திரும்பி வரும்போது கூஜா அங்கேயே இருக்கும். அக்காதான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்.

அவள் இறந்த நாளன்று கதவு திறந்தே இருந்தது. அக்கா வெந்நீர் எடுக்கப் போயிருந்தார். தட்டினேன். அவள் தலையைத் திருப்பினாள். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதடு வெடித்திருந்தது. கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். பிறகு பேசினாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அக்கா வெந்நீரோடு வந்தபோது முடிந்துவிட்டது.

காப்பாரிலிருந்து அவள் அம்மா வந்தார். மகளும் இல்லை, மகனும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னாய்யா சொல்லுச்சு எம்புள்ள?" என்று கேட்டார். "சாப்டீங்களான்னு கேட்டா அத்தை" என்றேன். அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனால் அந்த அழுகையில் ஓர் ஆறுதல் இருந்தது. பிறகு கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னேன். முதலாளியிடமும் அதைத்தான் சொன்னேன். பல முறை சொன்னதில் எனக்கும் அது கேட்ட மாதிரியே ஆகிவிட்டது.

சண்டை முடிந்து இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். கடிகாரங்கள் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டன. சின்னையாவின் மனைவி புகார் கொடுத்திருக்கிறார், இன்னும் சிலரும். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் சொன்னவர்களை நான்தான் சொன்னேன். அய்யாவுவையும் நான்தான் சொன்னேன். கையெழுத்து எங்கே என்று காட்டினால் போடுகிறேன். விடுதியில் தங்கியவர்களின் அந்தரங்கத்தில் தலையிட்டேன் என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வரி இருப்பதாகப் படித்துக் காட்டினீர்கள். அதை மட்டும் நான் ஏற்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் ஏற்கிறேன். என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் எந்தக் கதவையும் தட்டாமல் திறந்ததில்லை.

எதையும் உள்ளபடி எழுதுவது என் வழக்கம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதனால் ஒரு திருத்தம். தனம் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ புரியாததைக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"எல்லாருக்கும் தட்டுனீங்க. எங்களுக்கு மட்டும் அன்னிக்கித் தட்டலியேங்க."